ஏட்டிருப்பும் கையிருப்பும்

“சரக்கு இருக்கிறதா?” என்பதே சங்கத்தின் படியேறி வரும் அங்கத்தினர் முதலிற் கேட்கும் கேள்வி. நெசவாளர் ஊடை நூலைக் கேட்கிறார். உழவர் யூரியாவைக் கேட்கிறார். காரியதரிசி ஏட்டைப் புரட்டியோ, கணினி வந்துவிட்ட சங்கமாயின் அதன் திரையைப் பார்த்தோ, “இருக்கிறது” அல்லது “இல்லை” என்று விடை கூறுகிறார். கேள்வியும் விடையும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் அந்த விடை பொய்த்துப் போமாயின், அதனால் விளையும் துன்பம் அத்தனை விரைவில் தீர்வதன்று.

தறியிலே பாவு ஏற்றியாயிற்று. பாதித் துணி நெய்தாயிற்று. ஊடை தீர்ந்துவிட்டது. ‘இருக்கிறது’ என்ற சொல்லை நம்பி மறுநாட் காலையில் வந்து நிற்கும் நெசவாளர், கிடங்கைத் திறந்து பார்த்த பின்னர் வெறுங்கையுடன் திருப்பி அனுப்பப்படுகிறார். தறி நின்றால் அன்றைய நெசவுக் கூலி நின்றது. வீட்டில் தார் சுற்றும் பெண்டிர் பிள்ளைகளின் உழைப்பும் உடன் நின்றது. உழவர் நிலையும் இவ்வாறே. நெற்பயிர் தூர் கட்டும் பருவத்தில் இடவேண்டிய மேலுரத்தைப் பதினைந்து நாள் கழித்து இட்டால், பருவம் அவருக்காகக் காத்திருக்குமா? சரக்கு இருந்தும் ‘இல்லை’ என்று சொல்லப்படுவதால் வரும் கேடும் இதற்குக் குறைந்ததன்று. இல்லையென்று கேட்ட உழவர் தனியார் கடைக்குச் சென்று, வேண்டாத மற்றொரு பொருளையும் சேர்த்து வாங்கும் கட்டாயத்துக்கு ஆளாகிறார். சங்கத்தின் மூட்டைகளோ கிடங்கில் இறுகிக் கட்டியாகின்றன.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழியைச் சங்கக் கணக்குக்கே சொல்லி வைத்தார்களோ என்று, ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நமக்குத் தோன்றுவதுண்டு. இவற்றுட் பெரும்பாலானவை திருட்டாலும் மோசடியாலும் நேர்வன என்று எண்ணிவிடலாகாது. கணக்கு நேர்மையாகவே எழுதப்பட்டிருக்கும். கூட்டல் கழித்தல் பிசகாது. ஆயினும் கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கச் சரக்கு இராது. காரணம், ‘இருப்பு’ என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறான பல தொகைகளைக் குறித்து வருகிறோம்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் தங்கள் கடையைத் திறந்தபோது, அதில் இருந்தவை வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், இவ்வளவே. கதவைத் திறந்து நின்று ஒருமுறை கண்ணோட்டினால் இருப்புச் சரிபார்த்தல் முடிந்துவிடும். அவர்களுக்கு இருந்த அந்தப் பாக்கியம், நூறு வகை நூலும், இருநூறு வகைத் துணியும், உரமும் விதையும் மருந்தும் வைத்துக்கொண்டிருக்கும் நம் சங்கங்களுக்கு இல்லை.

ஒரு கணக்கு

ஒரு நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளங்கும்பொருட்டு நாம் இட்டவை. 40-ஆம் நம்பர் நூல் 300 கிலோ இருப்பதாக மாத அறிக்கை கூறுகிறது. இதில் 120 கிலோ நெசவாளர் இல்லங்களில் பாவாகவும் ஊடையாகவும் தறியிலே ஓடிக்கொண்டிருக்கிறது. துணியாகித் திரும்பும் வரையில் அது சங்கத்தின் உடைமையே. ஆதலால் அறிக்கையிற் சேர்ந்தது முறையே. ஆயினும் அதனை வேறொருவருக்கு எடுத்துக் கொடுத்தல் இயலாது. கிடங்கில் எஞ்சிய 180 கிலோவில் 60 கிலோ, ஒப்புக்கொண்ட ஒரு வேட்டிக் கொள்முதலுக்காக ஒதுக்கப்பட்டது. 15 கிலோ மழைச்சாரலில் நனைந்தும் எலி கடித்தும் பழுதாய்க் கிடக்கிறது. ஆக, இன்று வாயிலில் வந்து நிற்கும் அங்கத்தினருக்குக் கொடுக்கக்கூடியது 105 கிலோ மட்டுமே.

முந்நூறு என்பது ஏட்டிருப்பு. நூற்றெண்பது என்பது கிடங்கிருப்பு. நூற்றைந்து என்பதே வழங்கத்தக்க இருப்பு. “சரக்கு இருக்கிறதா?” என்று அங்கத்தினர் கேட்பது இந்த மூன்றாவது தொகையைப் பற்றியே. நாம் பார்த்த பல சங்கங்களில் முதல் தொகைக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. இரண்டாவதற்கு வருஷ முடிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. மூன்றாவது தொகை ஓர் எழுத்தரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர் விடுப்பில் சென்ற நாளில் சங்கத்தில் சரக்கு இருக்கிறதா இல்லையா என்பதை அறிந்தவர் எவருமிலர்!

நூற்பாலைக்கு 200 கிலோ கேட்டு எழுதிப் பணமும் கட்டியாயிற்று என்றால், அதையும் கூட்டிச் சொல்லிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வரும் சரக்கு வேறு, வந்த சரக்கு வேறு. லாரியிலிருந்து இறக்கி, எடைபோட்டு, நம்பர் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே அஃது இருப்பு. அதுவரை, “இன்ன தேதியில் வருமென எதிர்பார்க்கிறோம்” என்று தேதியுடன் கூறுவதே நாணயம்.

விற்பனைச் சங்கங்களில் மற்றொரு குழப்பம் உண்டு. உழவர் நெல்லைக் கிடங்கில் ஈடாக வைத்துக் கடன் பெறுகிறார். நெல் சங்கத்தின் கூரையின் கீழ் இருக்கிறதேயன்றிச் சங்கத்தினுடையதன்று. சொந்தக் கொள்முதல் நெல்லையும் ஈட்டு நெல்லையும் ஒரே அடுக்கில் ஏற்றிவைத்துவிட்டால், யாருடைய மூட்டை விற்கப்பட்டது என்பதைப் பின்னர் அறியவே முடியாது. தனி அடுக்கு, தனிச் சீட்டு என்பதில் தளர்ச்சி கூடாது.

கூட்டுத் தொகை மறைப்பவை

கிலோவில் கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது என்பதற்குச் சாய நூல் நல்ல சான்று. சிவப்பு நூல் 12 கிலோ இருக்கிறது. பாவுக்கு வேண்டியது 10 கிலோ. ஆகவே இருக்கிறது என்று எழுத்தர் சொல்லிவிடுகிறார். ஆனால் அதில் 7 கிலோ ஒரு முறை சாயம் ஏற்றியது, 5 கிலோ மற்றொரு முறை ஏற்றியது. சிட்டங்களாகக் கிடக்கும்போது இரண்டும் ஒரே சிவப்பாகத் தோன்றும். பாவாக ஓட்டித் துணியாக நெய்து விரித்தால், ஒரு பக்கம் வேறு நிறமாகக் கோடிட்டுக் காட்டும். அந்தச் சேலையைத் தரம் பார்ப்பவர் குறைவிலைக்குத் தள்ளிவிடுவார். குற்றம் நெசவாளர் மேல் விழும். எனவே சாய நூலுக்கு நிறத்தின் பெயருடன், எந்தத் தேதியில் எந்தச் சாயத் தொட்டியிலிருந்து வந்தது என்ற குறிப்பும் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதினால் மேற்சொன்ன கேள்விக்கு உரிய விடை ‘இல்லை’ என்பது உடனே புலப்படும்.

துணியிலும் இதுவே. ‘வேட்டி 500’ என்ற இருப்பு, எட்டு முழ வேட்டி 40 கேட்டு வந்தவருக்கு எதுவும் சொல்வதில்லை. ஐந்நூறில் நானூற்றெழுபது நாலு முழமாக இருக்கலாம்.

நூலைச் சரிபார்க்க எடையொன்றையே நம்பியிருப்பதும் தகாது. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு எடை கூடும். வறண்ட காற்றில் எடை குறையும். முற்றிலும் உலர்ந்த பருத்தி 100 கிலோவுக்கு 8½ கிலோ ஈரமும், பட்டு 100 கிலோவுக்கு 11 கிலோ ஈரமும் வணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகள். ஐப்பசி அடைமழையில் எடைபோட்டால் இருப்பு ‘அதிகம்’. சித்திரை வெயிலில் எடைபோட்டால் ‘குறைவு’. மழைக்காலத்தில் கண்ட அதிகத்தைக் கண்டு மகிழ்ந்து அதை வெளியே கொடுத்துவிட்டவர்கள் கோடையில் விழிப்பதுண்டு. எடையுடன் சிட்டத்தையும் எண்ணிப் பார்த்தால் ஐயம் தீரும். பழைய ஆங்கிலக் கணக்கில் ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 10 பவுண்டு, அதாவது 4.54 கிலோ எடையுள்ள 40-ஆம் நம்பர் கட்டில் 400 சிட்டம் இருக்க வேண்டும். சிட்டம் சரியாக இருந்து எடை மட்டும் சிறிது பிசகினால் ஈரத்தைச் சந்தேகிக்கலாம். பிசகு பெரிதாயின் நம்பரையே சந்தேகிக்க வேண்டும். எடை சரியாக இருந்து சிட்டம் குறைந்தால், மெல்லிய நூலுக்கு விலை கொடுத்துத் தடித்த நூலை வாங்கியிருக்கிறோம் என்று பொருள்.

நெல்லிலும் இந்த ஈரக் கணக்கு உண்டு. 17 சதவீத ஈரத்துடன் எடைபோட்டு வாங்கிய 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்கு உலர்ந்தால் 96½ கிலோதான் நிற்கும். குவிண்டாலுக்கு மூன்றரைக் கிலோவை எவரும் திருடவில்லை, காற்று கொண்டுபோயிற்று. கிடங்குக் காப்பாளரைக் குற்றஞ்சாட்டுமுன் வாங்கிய நாளின் ஈர அளவைப் பார்ப்பது நியாயம். அந்த அளவு குறிக்கப்படாத சங்கத்தில், உலர்ந்த குறைவையும் களவு போன குறைவையும் பிரித்தறியும் வழி அடைபட்டுப்போகிறது. நேர்மையான காப்பாளருக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை.

உரக் கருவியும் உர மூட்டையும்

உழவர் சங்கங்களில் இப்பொழுது மிகுதியாகக் கேட்கப்படும் முறையீடு உரத்தைப் பற்றியது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற்குள் நாடெங்கும் பி.ஓ.எஸ். கருவி முறை வந்தது. வாங்குபவர் ஆதார் எண்ணைத் தந்து கைரேகை வைக்க, கருவியில் விற்பனை பதிவாகிறது. அந்தப் பதிவைக் கொண்டே உர நிறுவனத்துக்கு அரசாங்கத்தின் மானியம் செல்கிறது. எந்தச் சங்கத்தில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதை மேலிடத்தில் இருந்தபடியே அறிய இக்கருவி வழி செய்துள்ளது. மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் கருவி அறிவது தன்னிடம் பதிந்ததை மட்டுமே.

அவசர நாளில், வரிசை நீண்டு நிற்கிறது. கைரேகை விழவில்லை, இணைப்பு கிடைக்கவில்லை. விற்பனையாளர் மூட்டைகளைக் கொடுத்துவிட்டு, “பிறகு பதிந்துகொள்ளலாம்” என்று ஒரு தாளில் பெயர்களை எழுதி வைக்கிறார். உழவருக்கு அன்று உதவியாயிற்று. அவரது மனம் நல்ல மனமே. ஆனால் கிடங்கு காலி. கருவியிலோ 80 மூட்டை இருக்கிறது. அடுத்த ஒதுக்கீட்டின்போது, “உங்கள் வட்டாரத்தில்தான் இருப்பு இருக்கிறதே” என்று கூறி வேறிடத்துக்கு அனுப்பிவிடுகின்றனர். முதல் நாள் வரிசையில் நின்றவர்களுக்குச் செய்த உதவி, பத்தாம் நாள் வரிசையில் நின்றவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதாய் முடிகிறது.

இதற்கு மறுதலையும் உண்டு. லாரி வந்து மூட்டைகள் இறங்கிவிட்டன. ஆனால் வரவைக் கருவியில் ஏற்றுக்கொண்டு பதியவில்லை. பதியாத மூட்டைக்குக் கருவி ரசீது தராது. ஒரு சங்கத்தில், கூரையைத் தொடும்படி அடுக்கிய மூட்டைகளுக்கு முன்னால் உழவர்கள் வெறுங்கையுடன் நின்றதை நாமே கண்டோம். “கண்ணுக்கு எதிரே இருக்கிறதே ஐயா!” என்று முதியவர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். வரவு பதிய ஆகும் நேரம் சில நிமிஷங்களே. அதைச் செய்யவேண்டியவர் லாரி வாடகைத் தகராற்றில் இருந்தார்.

மூட்டையின் எடை மாறியதும் ஒரு குழப்பத்துக்கு இடம் தந்தது. யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவுக்குப் பதிலாக 45 கிலோவாயிற்று, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோவாகவே தொடர்ந்தது. மூட்டைக் கணக்கை டன் கணக்காக மாற்றும் இடத்தில் பழைய பெருக்கலைப் பயன்படுத்தினால், 100 மூட்டை யூரியாவுக்கு 500 கிலோ, அதாவது 11 மூட்டைக்கு மேல், இல்லாத சரக்கு ஏட்டில் பிறந்துவிடும். தேடினால் கிடைக்காது, ஏனெனில் அது வரவேயில்லை.

தொடக்க வேளாண்மைச் சங்கங்களைக் கணினி மயமாக்க மத்திய அரசாங்கம் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஒரே விதமான கணக்கு முறை வருவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கணினி வந்தபின் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை என்று கருதும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பழைய ஏட்டில் தவறு இருந்தால் அடித்தல் திருத்தலைக் கண்டு ஐயுறலாம். திரையில் தவறான எண்ணும் சரியான எண்ணும் ஒரே அழகுடன் தோன்றுகின்றன.

எண்ணுவது எப்படி

மார்ச்சு 31-ஆம் நாள் ஒருமுறை எண்ணிக் கையெழுத்திடுவது சட்டத்துக்குப் போதலாம், அங்கத்தினருக்குப் போதாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ண முயல்வதைவிட, வாரம் சில வகைகளாகச் சுற்றி எண்ணிவருவது எளிது. பட்டும் சரிகையும் வாரந்தோறும். ஓடும் நம்பர் நூலும் பருவ உரமும் பதினைந்து நாளுக்கொருமுறை. மற்றவை காலாண்டுக்கொருமுறை எனலாம். எண்ணும் நேரத்தில் வரவு செலவை நிறுத்திவைக்க வேண்டும். ஒரு பக்கம் எண்ண, மறுபக்கம் வழங்கிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை.

எண்ணுபவரிடம் ஏட்டுத் தொகையை முன்னதாகச் சொல்லலாகாது. ‘148 இருக்க வேண்டும்’ என்று அறிந்து எண்ணத் தொடங்குபவருக்கு 148 வந்துவிடும். மனித இயல்பு அது. வெற்றுத் தாளைக் கொடுத்து எண்ணச் சொல்லி, அதன் பின்னரே ஏட்டுடன் ஒப்பிட வேண்டும். கிடங்குச் சாவியை வைத்திருப்பவர் உடனிருக்கலாம். எண்ணுபவர் வேறொருவராக இருக்கட்டும். நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர் முறைவைத்து வந்தால் மிக நன்று.

மூட்டை அடுக்குகளை நீளம், அகலம், உயரம் எனப் பெருக்கிக் கணக்கிடும் வழக்கம் தவறில்லை. ஆனால் நடுவே பொந்து விட்டு அடுக்கிய அடுக்கு வெளிப்பார்வைக்கு நிறைந்தே தோன்றும். எனவே அடுக்கின் மேல் ஏறி உள்ளே பார்த்தல் வேண்டும். வேட்டி கசங்கும் என்று தயங்குபவர் இந்தப் பணிக்கு ஆகார். சுவரை ஒட்டாமல் நாற்புறமும் நடைவழி விட்டு, தரையில் மரச்சட்டம் பரப்பி அதன்மேல் அடுக்கினால் எண்ணவும் எளிது, ஈரமும் ஏறாது, பழைய சரக்கை முதலில் எடுக்கவும் கூடும்.

வித்தியாசம் கண்டால் ஏட்டை உடனே திருத்திச் சரிக்கட்டிவிடுவது மிகக் கெட்ட பழக்கம். வித்தியாசத்தை அப்படியே எழுதி, காரணம் தேடி, நிர்வாகக் குழுவின் முன் வைத்து, தீர்மானம் பெற்றே திருத்த வேண்டும். அதிகம் கண்டாலும் இதே முறைதான். ஒரு நம்பரில் 5 கிலோ அதிகமும் அடுத்த நம்பரில் 5 கிலோ குறைவும் கண்டால், மாற்றிக் கொடுத்தோ மாற்றி எழுதியோ இருக்கிறார்கள் என்று அறியலாம். இரண்டையும் கழித்துப் ‘பொருந்திற்று’ என்று எழுதிவிட்டால், தவறான நூலைப் பெற்ற நெசவாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒதுக்கீட்டுக்கும் ஒழுங்கு வேண்டும். இன்னாருக்கு, இவ்வளவு, இன்ன தேதி வரை என்று எழுதிய ஒதுக்கீடே ஒதுக்கீடு. தேதி கடந்தால் அது தானே விடுபட்டு வழங்கத்தக்க இருப்பில் சேர வேண்டும். வாய்மொழியால் ஒதுக்கினால் ஒரே கட்டை இருவருக்கு வாக்களிப்பது நேரும். காலவரை இன்றி ஒதுக்கினால் செல்வாக்குள்ளவர் பெயரில் சரக்கு உறங்கும்.

தேங்கிய துணியைப் பற்றியும் கூறவேண்டும். நெசவாளர் சங்கங்கள் மத்தியக் கூட்டுறவு வங்கியில் பெறும் காசுக்கடன், மாதந்தோறும் அனுப்பும் இருப்புப் பட்டியலின் மதிப்பைப் பொறுத்தது. மூன்று தீபாவளி கண்டு மடிப்பு வெளுத்த சேலையையும் புதிய சேலையின் விலைக்கே அப்பட்டியலில் எழுதிவருவதால், கடன் வரம்பு அன்றைக்குக் குறையாமல் இருக்கிறது. ஆனால் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது; சேலையோ விற்கவில்லை. நாளடைவில் நூல் வாங்கப் பணமின்றித் தறிகளுக்குப் பாவு கொடுப்பது குறைகிறது. அலமாரி நிறைந்திருக்க அங்கத்தினருக்கு வேலை இல்லாமற் போகும் விந்தை இப்படித்தான் நிகழ்கிறது. அத்தகைய துணியைத் தனியே பிரித்து, வயதை எழுதி, விற்கக்கூடிய விலையை மதிப்பிட்டுத் தள்ளுபடியில் விரைவாக விற்றுவிடுவது கசப்பான மருந்து. ஆண்டுக்கணக்காக ஒத்திப்போட்ட பின் அதே மருந்தை இரட்டிப்பு அளவில் உட்கொள்ள நேர்கிறது.

இவை யாவும் நிர்வாகிகள் செய்யவேண்டியவை. அங்கத்தினர் கேட்டுப் பெறவேண்டியது ஒன்று உண்டு. சங்க வாயிலில் ஒரு கரும்பலகை. அதில் நூலாயின் நம்பர்வாரியாக, உரமாயின் வகைவாரியாக, அன்று மாலை நிலவரப்படி வழங்கத்தக்க இருப்பு. வரவேண்டிய சரக்கு இருப்பின் அதன் எதிர்பார்க்கும் தேதி. ஏட்டுத் தொகை அதில் வேண்டாம். அது தணிக்கையாளருக்கு உரியது. உரச் சங்கங்களில் கருவி காட்டும் இருப்பையும் கிடங்கில் எண்ணிய இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் வேறுபடும் நாளில், காரணத்தை அங்கேயே அப்பொழுதே விற்பனையாளரிடம் கேட்கலாம். பலகையின் கீழே எழுதியவர் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரத்துத் தேதியுடன் தொங்கும் பலகைகளை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.